சூரிய உதயத்தைப் படம் பிடிக்கும் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய ஆறு படங்களையும் பெரிய திரையில் போட்டுப் பார்த்தேன். வெட்டவெளி, குளம், மலை என்று மூன்று இடம். மூன்றிலும் ஒரே குறை. நடுவில் வெள்ளைப் பொட்டாகச் சூரியன், கீழே கன்னங்கரிய தரை, மேலே வெளிறிப்போன மஞ்சள் வானம். கேமராவை மாற்ற வேண்டுமா என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம். மூன்று இடத்துக்கும் செயலி காட்டிய உதய நேரத்துக்குத்தான் போயிருக்கிறாய் என்பது கோப்புகளில் பதிவான நேரத்திலேயே தெரிகிறது. அந்த நேரம் சமவெளிக்குச் சரி. குளத்துக்கு அது தாமதம். மலைக்கு எது நேரம் என்பது, நீ மலையின் எந்தப் பக்கம் நிற்கிறாய் என்பதைப் பொறுத்தது.

சூரியன் அடிவானத்துக்கு 6 பாகை கீழே இருக்கும்போதே தரையில் உள்ளவை கண்ணுக்குப் புலப்படத் தொடங்கிவிடும். நிலநடுக்கோட்டை ஒட்டிய ஊர்களில் அங்கிருந்து அடிவானம் வரை ஏறிவர அதற்கு 20 நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாகும். துருவங்கள் பக்கம் போகப் போகச் சூரியன் சாய்வாக ஏறும், இந்த நேரமும் நீளும். மேகங்களின் அடிப்பக்கம் சிவப்பது பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான். உயரத்தில் மெல்லிய மேகம் இருந்து, கீழ்வானம் ஓரத்தில் மட்டும் திறந்திருந்தால் அது நல்ல விடியல். அடிவானத்திலேயே கனத்த மேகம் அடைத்திருந்தால் சிவப்பு மேலே வராது. தூசு அதிகமிருந்தால் வண்ணம் கூடும் என்று பலரும் நம்புகிறார்கள். தரையை ஒட்டிய தூசும் புகையும் வண்ணத்தை மங்கத்தான் வைக்கும். மழை கழுவிவிட்ட மறுநாள் காலையைத் தவறவிடாதே. எங்கே போனாலும், உதயத்துக்கு 45 நிமிடம் முன்பே ட்ரைபாட் காலூன்றி நிற்க வேண்டும்.

திசையையும் முதல் நாளே பார்த்து வை. சூரியன் நேர்கிழக்கில் எழுவது மார்ச்சிலும் செப்டம்பரிலும் மட்டும்தான். அந்த மாதங்களில் உதயப் புள்ளி நாளுக்கு 0.4 பாகையாவது நகரும். சூரிய வட்டத்தின் அகலமே அரைப் பாகைதான். இன்று மரத்தின் உச்சிக்கு நேரே எழுந்த சூரியன், நாளை கிட்டத்தட்டத் தன் அகலம் அளவுக்குத் தள்ளி எழும். ஜூன், டிசம்பர் மாதங்களின் பிற்பாதியில் ஒரு வாரம் கழித்துப் போனாலும் ஏறக்குறைய அதே இடம்தான்.

இனி சமவெளி. உன் படத்தில் சூரியன் பொட்டாகிப் போனதற்குக் காரணம் 24 மி.மீ. அகன்ற கோண லென்ஸ். லென்ஸின் குவியத் தூரத்தை 109ஆல் வகுத்தால், சென்சாரில் (ஒளி விழுந்து படமாகும் தகட்டில்) சூரியன் எவ்வளவு பெரிதாக விழும் என்று கிடைத்துவிடும். 24 மி.மீ. லென்ஸில் அது கால் மில்லிமீட்டர்கூட இல்லை. 400 மி.மீ. லென்ஸில் 3.7 மி.மீ. ஃபுல் ஃப்ரேம் சென்சாரின் உயரம் 24 மி.மீ. என்பதால், படத்தின் உயரத்தில் ஆறில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாகச் சூரியன் நிற்கும். வெட்டவெளியில் சூரியனையே பொருளாக வைக்க நினைத்தால் தொலைவை நெருக்கிக் காட்டும் டெலி லென்ஸ் இல்லாமல் முடியாது.

மரம், ஆள், கோபுரம் எதுவானாலும் சூரிய வட்டத்துக்குள் அடங்கி நிற்க வேண்டுமானால், அதன் உயரத்தைப்போல 110 மடங்கு தூரம் பின்னால் போ. 5 மீட்டர் மரத்துக்கு 550 மீட்டர். பக்கத்தில் நின்றுகொண்டு ஜூம் செய்தால் மரமும் சேர்ந்துதான் பெரிதாகும். சூரியன் அதன் கிளைக்குள் ஒளிந்த பழம்போல ஆகிவிடும். இந்தக் கணக்கு எந்த லென்ஸுக்கும் மாறாது, தூரம் ஒன்றே முக்கியம்.

அடிவானத்தை ஒட்டி நிற்கும் சூரியன் மேலும் கீழும் அமுங்கிச் சற்றே தட்டையாகத் தெரியும். கீழ் விளிம்பின் ஒளி காற்றில் கூடுதலாக வளைவதால் வரும் தோற்றம் அது. லென்ஸில் பழுது என்று நினைத்துத் திருத்தப் போகாதே. அந்த வடிவமும் அந்தக் குங்கும நிறமும் சில நிமிடங்களுக்கு மேல் நிற்பதில்லை. வட்டம் தரையை விட்டு முழுதாகப் பிரிந்து நன்றாக எழும்பிவிட்டால், டெலி லென்ஸைப் பையில் வைத்துவிடலாம். ஒன்று மட்டும் கண்டிப்பு: ஆப்டிகல் வியூஃபைண்டர் (கண்ணை வைத்துப் பார்க்கும் துளை) வழியாக டெலி லென்ஸில் சூரியனைப் பார்க்காதே, கண் போய்விடும். லைவ் வியூவில், அதாவது கேமராவின் பின்திரையில் பார். படம் எடுக்காத நேரத்தில் லென்ஸ் மூடியைப் போட்டு வை. கேமராவின் உள்பாகங்களும் சூட்டில் கெடும்.

குளத்துக்கு வருகிறேன். எனக்குப் பிடித்த இடம், நீ அதிகம் கோட்டைவிட்ட இடமும் அதுதான். வெயில் ஏறித் தரை சூடாகத் தொடங்கியதும் காற்று எழும்பும், நீர்ப்பரப்பு கலைந்துவிடும். கண்ணாடி போன்ற நீர் வேண்டுமானால் உதயத்துக்கு முந்தைய அரைமணி நேரமே உனக்குரியது. சூரியன் தலைகாட்டும்போது குளத்து வேலை முக்கால்வாசி முடிந்திருக்க வேண்டும்.

கேமராவை முழங்காலுக்குக் கீழே இறக்கு. சாய்வு குறையக் குறைய நீர் அதிகமாகப் பிரதிபலிக்கும். நின்ற உயரத்திலிருந்து எடுத்ததால்தான் உன் படத்தின் கீழ்ப்பாதியில் வானத்துக்குப் பதில் சேறு தெரிகிறது. பளபளப்பைக் குறைக்கும் போலரைசர் பில்டரையும் கழற்றிவிடு. நீரை ஏறக்குறைய 37 பாகைச் சாய்வில் பார்க்கும்போது அது பிரதிபலிப்பையே உறிஞ்சிவிடும். நீ அந்தக் குளத்துக்குப் போனதே பிரதிபலிப்புக்காகத்தானே.

இன்னொன்று, பலர் சறுக்குவது. நீரில் தெரியும் மலைக்கு ஃபோகஸ் செய்யும்போது நீர்ப்பரப்பைக் குறிவைக்கக் கூடாது. பிம்பம் இருப்பது மலையின் தூரத்தில். பரப்பில் மிதக்கும் இலை இரண்டு மீட்டரில். இலையும் பிம்பமும் கூர்மையாக வேண்டுமானால் 24 மி.மீ. லென்ஸை எஃப்/11க்கு (லென்ஸ் துளையின் அளவு; எண் கூடினால் துளை சிறிதாகும்) கொண்டுபோய், ஏறத்தாழ 1.8 மீட்டரில் ஃபோகஸ் வை. 0.9 மீட்டரிலிருந்து தொலைவு வரை எல்லாம் பிடிபடும். இருட்டில் ஆட்டோஃபோகஸ் முன்னும் பின்னும் தேடிக்கொண்டே இருக்கும். லைவ் வியூவில் 10 மடங்கு பெரிதாக்கி, ஃபோகஸ் வளையத்தைக் கையால் திருப்பி வைத்துவிட்டு, மேனுவலுக்கு மாற்றிவிடு.

நீரில் தெரியும் வானம் எப்போதும் மேலே உள்ள வானத்தைவிடச் சற்று இருண்டிருக்கும். மேல்பாதியை மட்டும் இருட்டாக்கும் கிரேடுவேட்டட் பில்டரைக் கனமாகப் போட்டால் வானம் இருண்டு பிம்பம் வெளுத்துப்போகும். பார்ப்பவருக்கு என்னவோ பொய்யாகத் தோன்றும், என்ன பொய் என்று சொல்லத் தெரியாது. ஒரு ஸ்டாப், அதாவது ஒளியைப் பாதியாகக் குறைப்பது, போதும். பில்டர் இல்லையென்றால் இரண்டு ஸ்டாப் இடைவெளியில் மூன்று படம் எடுத்துப் பிறகு சேர்த்துக்கொள். நீரிலிருந்து ஆவி எழும் காலையாக இருந்தால் கேமராவின் ஒளிமானி அந்த வெண்மையைச் சாம்பலாக்கப் பார்க்கும். சூரியன் ஃப்ரேமில் இல்லாதவரை முக்கால் ஸ்டாப்பிலிருந்து ஒரு ஸ்டாப் வரை கூட்டு.

கரைச் சேற்றில் ட்ரைபாட் மெல்ல இறங்கிக்கொண்டே இருக்கும். கால்களை அழுத்தி ஊன்றி, இரண்டு நிமிடம் விட்டு, மறுபடி மட்டம் பார்த்த பிறகே ஷட்டரை நெடுநேரம் திறந்து வைக்கும் நீண்ட எக்ஸ்போஷருக்குப் போ. ட்ரைபாடின் நடுத்தண்டை உயர்த்தாதே, கை நடுக்கத்தைச் சரிசெய்யும் ஸ்டெபிலைசேஷனை அணைத்துவிடு, இரண்டு நொடி டைமரில் எடு. நாணல் முனையில் தொங்கும் பனித்துளிக்குள் கிழக்குவானம் தலைகீழாகச் சிவந்து நிற்பதையும் ஒரு மேக்ரோ லென்ஸில் எடுத்துப் பார். பெரிய காட்சிக்குக் காத்திருக்கும் நேரத்தில் கையருகில் இருப்பது அது.

மலை கொஞ்சம் சூட்சுமமானது. கிழக்கே மலை மறைத்தால் உதயம் தள்ளிப்போகும். உன் கண்ணுக்கு முகடு 3 பாகை உயரத்தில் இருந்தால், நிலநடுக்கோட்டருகே 12 நிமிடமாவது தாமதம். அதற்குள் ஒளியின் சிவப்பு போய்விடும். முகட்டுக்கு மேல் வருவது ஏற்கெனவே கூசும் சூரியன். உன் மலைப்படங்கள் இரண்டும் அப்படித்தான் ஒளி மிகுந்து வெறும் வெள்ளையாக எரிந்துபோயிருக்கின்றன. அந்த இடத்தில் திரும்பி நில். மேற்கே இருக்கும் சிகரத்தில் முதல் வெளிச்சம் படுவதை எடு. சுற்றியுள்ள தரையிலிருந்து 1000 மீட்டர் எழும்பிய சிகரம், அடிவாரத்தைவிடச் சுமார் 4 நிமிடம் முன்பே சூரியனைக் காணும். பள்ளத்தாக்கு நீலத்தில் கிடக்க, உச்சி மட்டும் செம்பாகும் நேரம் அது. அதற்கும் முன்பு மேற்கு வானத்தில் கருநீலப் பட்டையும் அதன் மேல் இளஞ்சிவப்புப் பட்டையும் தெரியும். கருநீலம் பூமியின் நிழல். கிழக்கையே பார்த்துக்கொண்டிருப்பவர் இதைக் காண்பதே இல்லை.

மலைமேல் நின்றால் அடுக்கடுக்கான முகடுகளை 100 முதல் 200 மி.மீ. லென்ஸில் நெருக்கி எடு. தெளிந்த, காற்றில்லாத, ஈரமான இரவுக்குப் பிறகு பள்ளத்தாக்கில் மூடுபனி தேங்கியிருக்கும். வெயில் ஏறினால் கரைந்துவிடும்.

செட்டிங் எல்லா இடத்துக்கும் ஒன்றே: ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) 100, எஃப்/8 அல்லது எஃப்/11, ரா கோப்பு (கேமரா திருத்தாத மூலப் பதிவு). சூரியனைச் சுற்றிக் கதிர் நட்சத்திரம் வேண்டுமானால் மட்டும் எஃப்/16. ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விட்டால் விடியலின் வண்ணத்தைக் கேமரா குறை என்று எண்ணிச் சரிசெய்துவிடும், டேலைட்டில் பூட்டு. ஒளி அளவைக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தில் வெள்ளைக் கோட்டை மட்டும் நம்பாதே. விடியலில் முதலில் எரிவது சிவப்பு. வெள்ளைக் கோடு ஓரத்தைத் தொடாமல் இருக்கும்போதே சிவப்புக் கோடு சுவரில் முட்டியிருக்கும்; அந்த இடம்தான் மஞ்சள் திட்டாக வெளுத்து வரும். மூன்று வண்ணக் கோடுகளையும் தனித்தனியாகக் காட்டும் திரையை வைத்து, சிவப்பு உள்ளே வரும்வரை ஷட்டரை வேகப்படுத்து. ஒளி ஏறிக்கொண்டே இருப்பதால் ஒவ்வொரு நிமிடமும் இதைப் பார்க்க வேண்டும்.

குளிரூட்டிய அறையிலிருந்து எடுத்த கேமராவை ஈரக்காற்றில் உடனே திறக்காதே, லென்ஸில் ஈரம் பூத்துவிடும். பையிலேயே அரைமணி நேரம் வெளியே இருக்கட்டும்.

அடுத்த முறை குளத்துக்கு மட்டும் போ. எடுத்ததில் ரா கோப்புகளையே அனுப்பு. ஜேபெக்கில் சிவப்பு எங்கே எரிந்தது, எங்கே மீட்கலாம் என்று என்னால் சொல்ல முடியாது.

அன்புடன்,
அண்ணன்