ஆண்டறிக்கை 2025: டெக்சஸ் மாநில எல் பாசோ கல்லூரி மாணவரிடையே எச்.ஐ.வி. தடுப்புப் பணி

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், இன்று நேரில் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்கு வழக்கம்போல் இவ்வறிக்கையின் படி அனுப்பி வைக்கப்படும்.

செயற்குழு இவ்வாண்டு ஒன்பது முறை கூட்டப்பட்டது. மூன்று முறை போதிய வருகையின்றிக் கலைந்தது. ஜூன் 27 தேசிய எச்.ஐ.வி. பரிசோதனை நாளன்று துண்டறிக்கை வழங்கினோம். கோடை விடுமுறையாதலால் வாங்குவதற்கு ஆளில்லை. டிசம்பர் 1 உலக எய்ட்ஸ் நாளன்று பெட்ரோ சமோராவைப் பற்றித் தலைவர் உரையாற்றினார். கியூபாவில் பிறந்து 1980இல் ஃபுளோரிடாவுக்கு வந்து, பதினேழு வயதில் தமக்குத் தொற்று இருப்பதை அறிந்து, பள்ளி பள்ளியாகச் சென்று அதைப் பேசியே 1994இல் இருபத்திரண்டாம் வயதில் மறைந்த அவரை, இன்றைய மாணவர்களில் ஒருவரும் கேள்விப்பட்டிருக்கவில்லை.

லொட்டேரியா என்னும் மெக்சிகோச் சீட்டாட்டத்தைக் கொண்டு நடத்திய விழிப்புணர்வுத் திட்டத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே கூற வேண்டியுள்ளது. உயிர் போகும் விஷயத்தைச் செயலாளர் விளையாட்டாக்கிவிட்டார் என்றும், அச்சுக்கூலியில் சங்கப் பணம் கரைந்தது என்றும் சிலர் பேசுவது என் காதுக்கு வந்தது. அவர்களில் ஒருவர்கூட ஒரு நாளும் அந்த ஆட்டத்தைப் பார்க்க வந்ததில்லை.

அமெரிக்க மக்கள்தொகையில் லத்தீன் அமெரிக்க வழிவந்த லத்தீனோ மக்கள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான். ஆனால் 2022இல் புதிதாகத் தொற்றியதாக மதிப்பிடப்பட்ட ஏறத்தாழ 31,800 பேரில் மூன்றில் ஒரு பங்கினர் அவர்களே. இந்தக் கணக்கைச் சுவரொட்டியில் போட்டு மூன்று ஆண்டுகள் ஒட்டினோம். மாணவர்கள் அதன் கீழே நின்று காப்பி குடித்தார்கள்.

லொட்டேரியா மெக்சிகோக் குடும்பங்களில் பாட்டி முதல் பேரன் வரை சேர்ந்து ஆடும் ஆட்டம். ஐம்பத்து நான்கு படச்சீட்டுகள், பதினாறு கட்டமுள்ள பலகை, கட்டத்தில் வைக்க அவரைக் கொட்டைகள். சீட்டை எடுப்பவர் படத்தின் பெயரை மட்டும் சொல்லி நிறுத்தாமல், விடுகதைபோல ஒரு வரியையும் பாடுவார். வீட்டில் வாய்விட்டுப் பேச முடியாததைப் பேசுவதற்கு இதைவிடப் பொருத்தமான வாசல் எனக்குத் தோன்றவில்லை. பழைய சீட்டிலுள்ள குடையைக் காட்டினால், ஆணுறை என்று யாரும் விளக்குவதற்கு முன்பே அறை சிரித்துவிடுகிறது. ‘வீரன்’ சீட்டை, பரிசோதனைக்கு முதலில் கை நீட்டுபவனுக்கு ஒதுக்கினோம். கடிகாரச் சீட்டு எழுபத்திரண்டு மணி நேரத்தைக் குறிக்கும்: தொற்று நேர்ந்திருக்கலாம் என்ற ஐயம் எழுந்தால் அதற்குள் மருத்துவரிடம் சென்று, இருபத்தெட்டு நாள் மருந்தைத் தொடங்கிவிட வேண்டும்.

தவறுகளையும் மறைக்கவில்லை. முதல் அச்சில் எல்லாச் சீட்டுகளையும் ஸ்பானிய மொழியிலேயே எழுதினேன். மாணவர் பலர் பாட்டியின் ஸ்பானிய மொழியைக் கேட்டுப் புரிந்துகொள்வார்களே தவிர, படிப்பதும் எழுதுவதும் ஆங்கிலத்தில்தான். மேலும், எந்தப் பரிசோதனைக்கும் மூன்று மாதம் காத்திருக்க வேண்டும் என்று ஒரு சீட்டில் அச்சாகிவிட்டது. ஈறில் துடைத்து இருபது நிமிடத்தில் பார்க்கும் வீட்டுப் பரிசோதனை போன்றவற்றுக்கே அத்தனை நாள் ஆகக்கூடும். நரம்பிலிருந்து இரத்தம் எடுத்து ஆய்வகத்தில் செய்யும் சோதனை பதினெட்டு முதல் நாற்பத்தைந்து நாளுக்குள் காட்டிவிடும் என்று செவிலியர் படிப்பு மாணவி ஒருவர் திருத்தினார். மறு அச்சுக்கான செலவு இப்படி வந்ததே தவிர, ஆடம்பரத்தால் வந்ததன்று.

மாலை ஆறு மணிக்கு வைத்த கூட்டங்களும் என் தவறே. எல்லைக்கு அப்பால் மெக்சிகோவிலுள்ள ஹுவாரெசிலிருந்து பாலம் கடந்து படிக்க வரும் மாணவர்கள் மாலையில் எல்லைச் சோதனை வரிசையை எண்ணிப் புறப்பட்டுவிடுவார்கள். அக்டோபர் 15, லத்தீனோ எய்ட்ஸ் விழிப்புணர்வு நாளன்று, ஆட்டத்தை நண்பகலுக்கு மாற்றினோம். கொட்டைகள் போதாமல் கடைக்கு ஓடினோம்.

அன்று மாணவர்கள் கேட்டவற்றில் நோயைப் பற்றிய கேள்விகள் குறைவு; அப்பாவைப் பற்றியவையே அதிகம். இருபத்தாறு வயதுவரை பெற்றோரின் காப்பீட்டிலேயே இருக்கலாம் என்பது நல்ல வசதிதான். ஆனால் மருத்துவரைப் பார்த்துவிட்டு வந்தால், என்ன சேவை பெறப்பட்டது என்று காப்பீட்டு நிறுவனம் எழுதும் கடிதம் வீட்டுக்குப் போய்விடுமோ என்ற அச்சமே பலரைத் தடுக்கிறது. காப்பீட்டைக் காட்டாமலே இலவசமாகப் பரிசோதிக்கும் இடங்கள் உண்டு என்பதைச் சீட்டில் சேர்த்தது அன்றைய கேள்விகளால்தான். தொற்று வராமலிருக்க முன்கூட்டியே உட்கொள்ளும் பிரெப் மாத்திரைக்கு 2012இலேயே ஒப்புதல் கிடைத்தது. ஒழுங்காக உட்கொண்டால் உடலுறவு வழித் தொற்றை ஏறத்தாழ 99 விழுக்காடு தடுக்கும். ஆயினும் தம்பியோடு ஒரே அறையில் படுப்பவன் மாத்திரைக் குப்பியை எங்கே ஒளித்து வைப்பான்? அதற்குப் பதிலாக ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் ஊசிக்கு 2025 ஜூனில் ஒப்புதல் வந்ததைச் சொன்னபோது, கடைசி வரிசையும் நிமிர்ந்து உட்கார்ந்தது. அதன் விலையைக் கேட்டதும் மறுபடி சாய்ந்தது என்பதையும் பதிவு செய்கிறேன்.

வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். சுருக்கமாக, நன்கொடை சென்ற ஆண்டைவிடக் குறைவு, அச்சுச்செலவு கூடுதல், கையிருப்பு மிகச் சொற்பம். பட்டியலிலுள்ள உறுப்பினர்களில் பாதிக்கு மேற்பட்டோர் ஆண்டுச் சந்தா இருபது டாலரை இன்னும் செலுத்தவில்லை. அவர்களில் சிலர் சங்கத்தின் செலவுகளைக் குறித்து மிகுந்த அக்கறையோடு பேசுகிறவர்கள். பெயர்களை நான் வாசிக்கப் போவதில்லை. பட்டியல் பொருளாளரிடம் உள்ளது.

அறை தந்த கல்லூரிக்கும், பரிசோதனைப் பெட்டிகள் அளித்தோருக்கும், துண்டறிக்கைகளை மடித்துத் தந்த உறுப்பினர் குடும்பத்தினருக்கும் சங்கத்தின் நன்றி உரியது. தவறைத் திருத்திய மாணவிக்கு என் தனிப்பட்ட நன்றி.

அடுத்த ஆண்டும் இப்பொறுப்பில் தொடர நான் வற்புறுத்தவில்லை. முன்வருபவர் இருந்தால் கோப்புகளை இன்றே ஒப்படைப்பேன். எவரும் இல்லையெனில், வசந்தப் பருவத்தில் மாதம் ஒரு புதன்கிழமை நண்பகல் ஆட்டம் நடைபெறும். சீட்டு எடுத்துப் பாட இரு மொழியும் தெரிந்த இருவர் தேவை. என் உச்சரிப்பைக் கேட்டு மாணவர்கள் சிரித்தது இவ்வாண்டுக்குப் போதும். சீட்டுப் பெட்டியும் கொட்டைப் பைகளும் என் காரிலேயே உள்ளன. இரசீதுப் புத்தகமும் அங்கேயே உள்ளதால், கூட்டம் முடிந்து காரைக் கடந்து செல்வோர் சற்று நின்று போகலாம்.

இவண்,
செயலாளர்