முதல்முறை டாரட் (படக் கார்டுகளை எடுத்துப் பலன் பார்ப்பது) பார்க்க வருபவர்களுக்கு

வணக்கம். ஞாயிறன்று கொழிஞ்சாம்பாறை வீட்டுக்கு நேரில் வர, புதிதாகப் பெயர் கொடுத்தவர்களுக்காக இது. பொள்ளாச்சியிலிருந்து வருபவர்களுக்குக் கோபாலபுரம் செக்போஸ்ட் வழி சௌகரியம்.

ஜாதகம், பிறந்த நேரம் எதுவும் வேண்டாம். கேள்வியை மட்டும் வீட்டிலேயே யோசித்து எழுதி வாருங்கள். "கல்யாணம் எப்போது?" என்றால் கார்டு தேதி சொல்லாது. "இந்த வரனில் நான் எதைக் கவனிக்கணும்?" என்று கேளுங்கள், பேச நிறைய இருக்கும்.

78 கார்டுகளில் 13ஆம் எண் கார்டின் பெயர் "மரணம்". அது வந்தால் பயந்துவிடாதீர்கள். ஒன்று முடிந்து இன்னொன்று தொடங்குவதைத்தான் பெரும்பாலும் குறிக்கும். யாருடைய ஆயுளையும் நான் சொல்ல மாட்டேன். உடம்புக்கு முடியவில்லை என்றால் முதலில் டாக்டரைப் பாருங்கள்.

துணைக்கு வருபவர் திண்ணையில் இருக்கட்டும். அம்மாவோ மாமியாரோ பக்கத்தில் இருந்தால் மனதில் உள்ளது வாய்க்கு வராது.

வர முடியாவிட்டால் சனிக்கிழமையே சொல்லிவிடுங்கள்.