அடிலெய்டில் இருக்கும் மகனுக்கு

அன்புள்ள மகன்,

அம்மா எழுதுகிறேன். நாங்கள் எல்லோரும் சுகம். அப்பாவுக்கு இரவு வேலை மாறிப் பகலுக்கு வந்திருக்கிறது, மனிதரை வெளிச்சத்தில் பார்க்கிறோம். அம்மம்மாவுக்குச் சீனி கூடி, இப்போது இறங்கிவிட்டது. கிரான்பேர்ணில் இன்னும் வெயில் விட்டபாடில்லை. நீ வைத்த கறிவேப்பிலை நல்லாய் நிற்கிறது.

வட்ஸ்அப்பில் கேட்டால் ஒரு கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போய்விடுவாய். அதனால்தான் கடிதம். பன்னிரண்டாம் வகுப்பு வீ.சீ.ஈ. சோதனையில் தமிழ் எடுத்து நல்ல புள்ளி வாங்கியவன் நீ, வாசிக்கத் தெரியாது என்று சாட்டுச் சொல்லாதே.

அக்கா நீ ஃபுட்டி, இந்த நாட்டுக் கால்பந்து, பழகுகிற அந்த வீடியோவைக் காட்டினாள். அவளைக் கோபிக்காதே, நான்தான் போனைப் பறித்துப் பார்த்தேன். ஓடிவந்து எழும்பி, தலைக்கு மேலே பந்தைப் பிடித்து, ஒற்றைக் காலில் இறங்குகிறாய். வலது காலில். அழகாய்த்தான் பிடித்தாய், அதைச் சொல்லாமல் விடமாட்டேன். பத்து வயதில் பெரிய பெடியங்களுக்கு மேலால் பாய்ந்து பிடித்தபோதும் இப்படித்தான், மற்றப் பிள்ளைகளின் தாய்மார் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். ஆனால் இந்த முறை என் கண் பந்தில் இல்லை. முழங்காலை உள்ளே பிடித்து வைக்கிற நார், அந்த ஏ.சி.எல்., வலது காலில் கிழிந்து ஒப்பரேஷன் நடந்தது ஒக்டோபரில். இது மார்ச். விரல் விட்டு எண்ணிப் பார்.

நீ போடுகிற கணக்கு எனக்கும் விளங்கும். மே கடைசி, ஜூன் தொடக்கம் என்று மிட் சீசன் டிராஃப்ட் வரும், பெரிய கிளப்புகள் நடுவருடத்தில் புது ஆட்களை எடுக்கிற தெரிவு. அதற்கு முன் ரிசர்வ்ஸில், இரண்டாம் அணியில், நாலைந்து ஆட்டம் ஆடிக் காட்டினால் யாராவது ஒரு கிளப்காரர் பெயரைக் குறித்துக்கொள்வார். அப்படியென்றால் ஏப்ரலில் இறங்க வேண்டும். ஆறு மாதம். மகன், ஒன்பது மாதத்துக்கு முன் இறங்காதே. டொக்டர் என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை. நீ அவரிடம் என்ன சொன்னாய் என்றும் கேட்கவில்லை. ஒன்பது மாதம், முடிந்தால் ஒரு வருடம்.

நீ படிக்கிற படிப்பே பிசியோ. உனக்கு நான் சொல்லித்தர என்ன இருக்கிறது? இருந்தாலும் சொல்கிறேன். முதல் தடவை கிழிந்த இடது காலுக்குப் பின்தொடை ஹாம்ஸ்ட்ரிங்கில் இருந்து நாண் எடுத்தார்கள், இந்த முறை முழங்கால் சில்லுக்குக் கீழே இருந்து எடுத்தார்கள். எங்கே எடுத்தாலும் அது வேறு வேலைக்குப் பிறந்த நாண். வைத்த புதிதில் அதற்கு இரத்த ஓட்டமே இல்லை. உடம்பு மெல்ல மெல்ல அதற்குள் இரத்தக் குழாய் விட்டு, பழைய இழையைக் கரைத்துப் புதிது பின்னி, ஏ.சி.எல்.லுக்குக் கிட்டவாக ஆக்குவதற்கு ஒரு வருடமும் போகும், அதற்கு மேலும் போகும். வலியும் வீக்கமும் அதற்கு வெகு முன்னமே போய்விடும். அதுதான் இதில் உள்ள பொல்லாத்தனம். நேராக ஓடலாம், படியில் ஏறலாம், கால் சுகம் என்று மனம் சொல்லும். உள்ளே நாண் தயாராக இருக்காது. உன் முதல் பிசியோ, அந்த உயரமான பிள்ளை, இதை என்னை இருத்தி வைத்து விளங்கப்படுத்தியது. ஒற்றைக் காலில் பாய்ந்து பார்க்கும் சோதனையில் சுகமான காலின் தூரத்தில் 90 வீதமாவது வரவேண்டும் என்றும் சொன்னது. உனக்கு இப்போது சுகமான கால் எது? இரண்டுமே வெட்டிய கால்தானே, எதை எதனோடு ஒப்பிடுகிறார்கள்?

உன் வயதுக்காரருக்கு இன்னொன்றும் இருக்கிறது. 20 வயதுக்குள் முதலில் கிழிந்து மறுபடி விளையாடப் போகிறவர்களுக்கு, அதே காலோ மற்றக் காலோ திரும்பவும் கிழிவது, முப்பது வயதுக்காரரைவிட மிகவும் அதிகம். மெல்பேர்ணில் செய்த ஆய்வுகளிலேயே இருக்கிறது. நீ அந்தக் கணக்கில் ஒரு தடவை ஏற்கெனவே விழுந்துவிட்டாய். இந்த நாட்டில் 2000 முதல் 2015 வரை ஏறத்தாழ 2 லட்சம் பேருக்கு இந்த ஒப்பரேஷன் நடந்திருக்கிறது, 25 வயதுக்குக் குறைந்தவர்களிடம்தான் வேகமாகக் கூடியிருக்கிறது. சின்ன மாமாவின் மகளும் இப்போது பெண்கள் அணியில் விளையாடுகிறாள். பெண் பிள்ளைகளுக்கு இது இன்னும் கூடுதலாகக் கிழிகிறதாம். அவளுக்கு ஆட்டத்துக்கு முன் குதிப்பதையும் திரும்புவதையும் பழக்குகிறார்கள், நல்ல விஷயம். உன் காலத்தில் மைதானத்தைச் சுற்றி ஒரு ஓட்டம், அவ்வளவுதான்.

அலெக்ஸ் ஜோன்சனின் கதை உனக்குத் தெரியும். 2012இல் சிட்னி அணியோடு பெரிய லீக்கின் கிண்ணம் வென்றபோது அவருக்கு 20 வயது, இப்போதைய உன் வயது. அடுத்த வருடம் முழங்கால் போனது. ஐந்து தடவை ஒப்பரேஷன். 2018 ஓகஸ்டில்தான் திரும்பி வந்தார். இரண்டாவது ஆட்டம் எங்கள் மெல்பேர்ண் அணிக்கு எதிராக, எம்.சீ.ஜீ. மைதானத்தில். நீயும் அப்பாவும் கதிரை நுனியில் இருந்து பார்த்தீர்களே, மற்ற முழங்கால் கிழிந்தது. எதிரணி என்பதையும் மறந்து அப்பா எழும்பி வெளியே போனார். ஜீலோங்கின் டானியல் மென்சலுக்கு நாலு தடவை. 2011இல் விழுந்தவர் 2015இல் வந்து முதல் ஆட்டத்திலேயே நாலு கோல் அடித்தார். புல்டோக்ஸின் கிளே ஸ்மித் மூன்று ஒப்பரேஷனுக்குப் பிறகு 2016இல் கிண்ணமும் வாங்கினார், 25 வயதில் போதும் என்று விட்டும் போனார். இவர்களை உன்னைப் பயப்படுத்தச் சொல்லவில்லை. திரும்பி வரலாம் என்பதற்கும் இவர்கள்தான் சாட்சி. ஆனால் அவர்களுக்கு ஒரு கிளப் சம்பளம் கொடுத்து, டொக்டரும் பிசியோவும் வைத்துக் காத்திருந்தது. உனக்கு யார் காத்திருக்கிறார்கள்? இடது கால் கிழிந்த வருடம், அதுவரை போன் எடுத்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் ஒவ்வொருவராக நின்றுபோனது நினைவிருக்கிறதுதானே.

நீ பெட்ராக்காவைச் சொல்வாய். சொல்லு. 2014 டிராஃப்டில் இரண்டாவதாக எடுக்கப்பட்டு எங்கள் மெல்பேர்ண் அணிக்கு வந்தவர், ஒரு ஆட்டம் ஆடுவதற்கு முன்பே ஏ.சி.எல். கிழிந்து 2015 முழுவதும் வெளியே இருந்தார். 2021இல் பேர்த்தில் நடந்த இறுதிப்போட்டியில் சிறந்த ஆட்டக்காரருக்கான நோர்ம் ஸ்மித் பதக்கம். லொக்டவுணில் வீட்டுக்குள் அடைந்திருந்து நாம் போட்ட சத்தத்துக்குப் பக்கத்து வீட்டுக் கிரேக்கக் கிழவி வேலிக்கு மேலால் கை காட்டினாளே. ஓம், அவர் பெரிய ஆள். ஆனால் அவர் ஒரு வருடம் முழுதாக இருந்தார், மகன். மே மாதத்தைப் பார்த்துக்கொண்டு ஓடவில்லை. அதை மட்டும் நீ மறந்துவிடுகிறாய்.

பிக்கெட்டையும் சொல்வாய். அவர் 2019 மிட் சீசன் டிராஃப்டில் ரிச்மண்டுக்கு வந்து, முதல் ஆட்டமே இறுதிப்போட்டியாக ஆடினார், சரி. அவருக்கு அப்போது 27 வயது. 27 வயதில் வந்தவரை, 20 வயதில் நீ அவசரப்படுவதற்குச் சாட்சிக்கு இழுக்கிறாய். டொம் ஸ்டுவேர்ட்டை ஜீலோங் எடுத்தபோது அவருக்கு 23. இந்த வருடம் தவறினால் எல்லாம் முடிந்தது என்று உனக்கு யார் சொன்னது? சிட்னி மாமா என்றால் அவர் சொன்னதை விட்டுத்தள்ளு, அவர் காணி விஷயத்திலும் இப்படித்தான் சொன்னார். மிட் சீசனில் எடுத்தாலும் ஆறு மாத ஒப்பந்தமோ பதினெட்டு மாத ஒப்பந்தமோதான் தருவார்கள். எடுப்பதற்கு முன் உன் முழங்கால் ஸ்கானை அவர்களுடைய டொக்டர் பார்ப்பார். ஆறு மாதத்தில் அரைகுறையாக ஆடிக் காட்டுவதைவிட, ஒரு வருடம் இருந்து முழுதாக ஆடிக் காட்டுவது உனக்கும் நல்லது, பார்க்கிறவனுக்கும் நல்லது.

என் வேலையிடத்தில் ஒரு வயோதிபர் இருக்கிறார். 1960களில் ஃபுட்டி விளையாடியவர். இரண்டு முழங்காலும் மாற்றியாயிற்று. அந்தக் காலத்தில் முழங்காலுக்குள் சவ்வு கிழிந்தால் முழுதாக வெட்டி எறிந்துவிடுவார்களாம், எலும்போடு எலும்பு உராய்ந்து நாற்பது வயதிலேயே கால் வளைந்துவிட்டது என்கிறார். காலையில் சப்பாத்துப் போட நான்தான் குனிய வேண்டும். உன்னைப் பற்றி அவருக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். ஒவ்வொரு திங்களும் முதல் கேள்வி, பெடியன் எப்படி என்பதுதான். நீ தந்த பதிலைத்தானே நானும் சொல்ல வேண்டும், கட்டைவிரலைக் காட்டிவிட்டு வருகிறேன். வருத்தப்படுகிறீர்களா என்று அவரை ஒரு நாள் கேட்டேன். இல்லையாம். ஆனால் தன் மகனை டெனிஸுக்கு அனுப்பினாராம். உன் சவ்வில் பாதியைத் தைத்தார்கள், பாதியை வெட்டினார்கள் என்று ஒப்பரேஷன் தாளில் இருந்தது. அந்தத் தாள் என்னிடம்தான் இருக்கிறது.

நீ விளையாடக் கூடாது என்று நான் ஒரு நாளும் சொல்லவில்லை. பெரியப்பா வீட்டில் எல்லோரும் படிப்பைக் கெடுக்கிறான் என்றபோது உனக்காகக் கதைத்தது நான். கிளப்பின் இளையவர் பயிற்சிக்கூடமான நெக்ஸ்ட் ஜெனரேஷன் அகாடமியில் உன்னை எடுத்தபோது, எங்கள் ஆட்களின் பிள்ளைக்கும் இங்கே இடம் உண்டு என்று கடைக்காரர் வரைக்கும் சொன்னது நான். கன்டீனுக்கு ரோல்ஸ் சுட்டுக் கொடுத்து, சனிக்கிழமைக் குளிரில் தண்ணிப் போத்தலோடு ஓடியதும் நான்தான். இப்போதும் நீ நீலச் சட்டையோடு இறங்க வேண்டும் என்றுதான் எனக்கும். அப்பாவுக்கு என்னைவிட. ஆனால் அவருடைய பிறந்தநாளுக்கும் நீ எடுக்கவில்லை. அவர் ஒன்றும் சொல்லவில்லை, இரண்டு தடவை போனைச் சார்ஜில் போட்டார்.

சரி, ஒன்பது மாதம். ஜூலைக்கு முன் பந்தோடு பாயாதே. வீக்கம் இருந்தால் அன்று ஓடாதே, மறைக்காதே. நேராக ஓடு, நீந்து, சைக்கிள் மிதி, தொடைச் சதையை ஏற்று. சாப்பிடு. கோழி மட்டும் சாப்பிட்டு இருக்காதே.

அப்புறம், ஒரு அலுவல். அரசாங்கத்தின் மெடிகேர் தராத மிச்சத்தைக் கிளப் காப்புறுதி தராது, அது இந்த நாட்டுச் சட்டம், அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. ஸ்கானுக்கும் சத்திரசிகிச்சை நிபுணருக்கும் கட்டியது போகட்டும், பிசியோ பில்லுகளை எல்லாம் எடுத்து அனுப்பு. எங்கள் குடும்பக் காப்புறுதியில் நீ மாணவன் என்றுதான் இருக்கிறாய். இந்த வருடமும் முழுநேரமாகப் படிக்கிறாய் என்று பல்கலைக்கழகத்தில் இருந்து ஒரு கடிதம் கேட்கிறார்கள், மாதக் கடைசிக்குள் வேண்டுமாம். அக்காவிடம் கேட்டேன், அவள் ஏதோ சொல்ல வாயெடுத்துவிட்டுத் தேத்தண்ணி போடப் போய்விட்டாள். கடிதம் இருந்தால் படம் எடுத்து அனுப்பு. இல்லை என்றால் அதையும் எனக்கு எழுது, காப்புறுதியை உன் பெயரில் தனியாக மாற்றலாம், விசாரித்து வைத்திருக்கிறேன். அப்பாவுக்கு எப்போது சொல்வது என்பதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

ஈஸ்டருக்கு நீ வராவிட்டால் நாங்கள் வருகிறோம். எட்டு மணித்தியால ஓட்டம்தானே, அம்மம்மாவும் வருவாளாம். உன் அறைத் தோழனுக்கு மீன் ஒத்துக்கொள்ளுமா என்று மட்டும் சொல்லு.

அன்புடன்,
அம்மா