அப்பாவிடம் கேட்காமல் விட்ட கேள்வி

தோட்டப்புறத்து ஊர்களில் கிளினிக் நடத்தும் டாக்டர்களுக்கு,

வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய ஒருவரின் மகள் எழுதுகிறேன். உங்களில் சிலர் சிகரெட் பிடிப்பதைப் பற்றித்தான். கோபம் வந்தாலும் கடைசிவரை படித்துவிடுங்கள்.

அப்பா பார்த்துவந்த டாக்டர் தங்கமான மனிதர். கையில் பணம் குறைந்தால், சம்பளம் வந்ததும் கொடுங்கள் என்பார். மாலையில் ஒட்டுக்கடையில் தேநீர் குடித்துவிட்டு ஒரு சிகரெட் பற்றவைப்பார். 2019இல் உணவுக்கடைகளில் புகைக்கத் தடை வந்ததும், சட்டத்துக்கு மரியாதை கொடுத்து மூன்று மீட்டர் தள்ளிப் போய் நின்றார். அப்பாவும் கூடவே தள்ளிப் போனார். “டாக்டரே பிடிக்கிறார், உனக்கென்ன?” என்று அம்மாவின் வாயை அடைக்க அது போதுமாக இருந்தது.

அதைக்கூட மன்னித்துவிடலாம். மாதக்கணக்கில் இருமலோடு போன அப்பாவிடம், ஒரு நாளைக்கு எத்தனை சிகரெட் என்று அவர் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. இருமல் மருந்து மட்டும் போத்தல் போத்தலாக வீட்டுக்கு வந்தது. தன் சட்டைப்பையிலும் அதே பெட்டி இருக்கும்போது நாக்கு எப்படி எழும்பும்?

உங்களுக்குத் தெரியாத கதையா? 1951இல் ரிச்சர்டு டால், பிராட்ஃபோர்டு ஹில் என்ற இரண்டு ஆய்வாளர்கள் பிரிட்டன் டாக்டர்களுக்குக் கடிதம் போட்டு, புகைப்பதுண்டா என்று கேட்டார்கள். 34,439 ஆண் டாக்டர்களைப் பின்தொடர்ந்த அந்த ஆய்வின் ஐம்பதாண்டுக் கணக்கு 2004இல் வந்தது. 1900க்கும் 1930க்கும் இடையில் பிறந்தவர்களில், விடாமல் புகைத்தவர்கள் புகைக்காதவர்களைவிடச் சுமார் பத்து ஆண்டு முன்னதாகவே போய்ச் சேர்ந்திருந்தார்கள். ஐம்பது வயதில் நிறுத்தியவர்களுக்கு அதில் ஆறு ஆண்டு திரும்பக் கிடைத்தது. அறுபதில் நிறுத்தியவர்களுக்கு மூன்று. டாலும் ஒரு காலத்தில் புகைத்தவர்தான். இதற்கு முன்பு புகையைப் பற்றி இருவரும் நடத்திய முதல் ஆய்வின்போதே நிறுத்திவிட்டார்.

நாளைக்கே விட்டுவிடுங்கள் என்று உங்களிடம் சொல்லமாட்டேன். நிகோட்டினின் பிடி எப்படிப்பட்டது என்று அப்பாவைப் பார்த்து வளர்ந்தவளுக்குத் தெரியும். ஆனால் கேளுங்கள். இருமலோடு வருகிற தாத்தாவிடமும், வேப் என்கிற மின்சிகரெட் பிடிக்கிற பேரனிடமும் கேளுங்கள். புகைப்பதை நிறுத்த அரசாங்க சுகாதார கிளினிக்கில் உதவுகிறார்கள் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுங்கள். நானும் விடப் பார்த்துத் தோற்றவன்தான் என்று சேர்த்துச் சொன்னால் இன்னும் நல்லது. புத்தி சொல்கிற டாக்டருக்கு எங்கள் ஆட்கள் தலையை ஆட்டிவிட்டு எழுந்துவிடுவார்கள். தோற்றதைச் சொல்கிறவர் எதிரில் கொஞ்ச நேரம் உட்காருவார்கள்.

அப்பா முதல்முறை இருமலோடு அந்த அறையில் உட்கார்ந்தபோது அவருக்கு வயது அறுபது.

இப்படிக்கு,
பால்மரத் தொழிலாளி ஒருவரின் மகள்