நகரச் சுற்றுலாத் துறையினருக்கு ஒரு திறந்த மடல்: பத்து இடங்களின் பட்டியல் வேண்டாம்

மதிப்புக்குரிய சுற்றுலாத் துறையினருக்கு,

வணக்கம். ஊர் சுற்றுவதில் தீராத ஆசை உள்ளவன் நான். எந்த நகரத்துக்குப் போனாலும் நீங்கள் போடும் கையேட்டையும் வரைபடத்தையும் முதல் வேலையாக வாங்கிப் படித்துவிடுவேன். சில ஆண்டுகளாக அவற்றில் ஒரு வாசகம் தவறாமல் வருகிறது: 'இந்தப் பேட்டையை உள்ளூர்க்காரர் போலச் சுற்றிப் பாருங்கள்.' அதன் கீழே பத்து இடங்கள், பத்துப் படங்கள். சுவரோவியம் உள்ள சந்து, காபிக்கடையாக மாறிய பழைய பட்டறை, சூரியன் மறைவதைப் பார்க்க ஒரு மொட்டைமாடி. அந்த வாசகத்தை நீங்கள் மனதாரத்தான் எழுதுகிறீர்கள் என்று நம்புகிறேன். அதை உண்மையாக்க என்ன செய்யலாம் என்று சொல்லத்தான் இந்த மடல்.

அந்தப் பத்து இடங்களுக்கும் ஒரே நாளில் போய்வருகிற உள்ளூர்க்காரர் எவரும் கிடையாது. அவர் நாலே இடங்களுக்குத்தான் போவார், ஆனால் திரும்பத் திரும்பப் போவார். அதுவும் ஒரு வேலையாகப் போவார். மருந்து வாங்க, செருப்பைத் தைக்கக் கொடுக்க, பிள்ளையைப் பள்ளியில் விட. போகிற வழியில் தெரிந்த முகத்தைப் பார்த்தால் நின்று இரண்டு வார்த்தை பேசுவார். எந்தக் கடை எந்தக் கிழமை பூட்டியிருக்கும், பிற்பகலில் தெருவின் எந்த ஓரம் நிழலாக இருக்கும், எத்தனை மணிக்கு மேல் பேருந்தில் உட்கார இடம் கிடைக்கும் என்பதெல்லாம் அவருக்கு அத்துபடி. உங்கள் வரைபடத்தில் தெருக்கள் இருக்கின்றன, மணி இல்லை. கிழமையும் இல்லை. என் குறையெல்லாம் அங்கேதான் தொடங்குகிறது.

நியூயார்க்கின் கிரீனிச் வில்லேஜில், ஹட்சன் தெருவில் குடியிருந்த ஜேன் ஜேக்கப்ஸ் 1961இல் இதைப் பற்றி விரிவாக எழுதினார். நகரத் திட்டமிடலில் பட்டம் பெற்றவர் அல்ல அவர். தன் வீட்டு வாசலில் நடப்பதைக் கூர்ந்து பார்த்தவர். காலையில் குப்பைத் தொட்டியை வெளியே வைக்கப் போகும்போது தெரு எப்படி இருக்கிறது, பள்ளிப் பிள்ளைகள் போன பிறகு யார் வருகிறார்கள், கடை திறப்பவர்கள், வேலைக்குக் கிளம்புகிறவர்கள், இரவில் திரும்புகிறவர்கள் என்று மணிக்கு மணி ஆட்கள் மாறுவதை அவர் பதிவு செய்தார். வீட்டில் ஆள் இல்லாத நேரத்தில் விருந்தாளி வருவதாக இருந்தால், தெருக்காரர்கள் சாவியைப் பக்கத்துக் கடைக்காரரிடம் கொடுத்து வைப்பார்களாம். ஒரு பேட்டை என்பதற்கு இதைவிட நல்ல அடையாளம் எனக்குத் தெரியவில்லை. நாளெல்லாம் கடைவாசலில் நின்று படமெடுத்தாலும் அந்தச் சாவி படத்தில் விழாது. அதே கடையில் மூன்றாம் நாளும் ஒரு பொருள் வாங்கப் போய், கல்லாவின் பின்னால் ஆணியில் தொங்கும் சாவிகளைப் பார்த்து விசாரித்தால் தெரியவரும்.

பெயர் பெற்ற ஒரு பேட்டைக்குக் காலை ஏழு மணிக்குப் போய்ப் பாருங்கள். படங்களில் வரும் கடைகளெல்லாம் ஷட்டர் இறக்கிக் கிடக்கும். திறந்திருப்பவை வேறு கடைகள்: செய்தித்தாள் கடை, சலவைக்கடை, நகல் சாவி வெட்டுகிறவரின் பெட்டிக்கடை. சரக்கு வண்டி பாதித் தெருவை அடைத்து நிற்கும்; ஓட்டுநரும் எதிர்வீட்டுப் பெரியவரும் வழக்கமான வாக்குவாதத்தில் இருப்பார்கள். சலவைக்கடைக் கண்ணாடியில் கையால் எழுதிய துண்டுச் சீட்டுகள் ஒட்டியிருக்கும். பூனையைக் காணோம், வாடகைக்கு அறை, கணக்குப் பாடம் சொல்லித் தரப்படும். அங்கே இன்னும் குடும்பங்கள் இருக்கின்றனவா, புதிதாக யார் குடிவந்திருக்கிறார்கள், வாடகை எந்த நிலையில் இருக்கிறது என்பதை அந்தக் கண்ணாடி சொல்லிவிடும். எந்தக் கையேட்டிலும் அதற்கு ஒரு வரிகூட ஒதுக்கி நான் பார்த்ததில்லை.

பட்டியல் போடுவதால் என்ன கெட்டுவிடும் என்று நீங்கள் கேட்கலாம். பார்சிலோனாவில் பார்க் குவெல் பூங்காவின் பக்கத்துத் தெருக்களில் ஓடும் 116ஆம் எண் சிற்றுந்தை எடுத்துக்கொள்ளுங்கள். மேட்டுத் தெருக்களில் ஏறி இறங்கும் முதியவர்களுக்கு அதுதான் கால். இணைய வரைபடம் பூங்காவுக்கு வழி என்று அந்த வண்டியைக் காட்டக் காட்ட, குடியிருப்பவர்களுக்கு ஏறவே இடமில்லாமல் போனது. கடைசியில் அந்த வழித்தடத்தையே கூகுள் வரைபடத்திலிருந்து நீக்க வேண்டியதாயிற்று; 2024இல் உலகமெங்கும் செய்தியானது. நீக்கிய பிறகு அங்குள்ளவர்களுக்கு உட்கார இடம் கிடைத்தது. ஒரு பேருந்து எண்ணை வெளியிடுவதும் வெளியிடாமல் இருப்பதும் யாரோ ஒரு பாட்டியின் முழங்காலோடு சம்பந்தப்பட்ட முடிவு. உங்கள் அலுவலகத்தில் வரைபடம் வரைகிறவர்களுக்கு இதைத் தயவுசெய்து எடுத்துச் சொல்லுங்கள்.

சியோலின் புக்சோன் பகுதியிலும் இதே கதைதான். ஓட்டு வீடுகள் வரிசையாக நிற்கும் அந்தத் தெருக்களில் இன்றும் மக்கள் குடியிருக்கிறார்கள். ஜன்னல் வழியே எட்டிப் பார்ப்பதும், விடியற்காலையில் பெட்டியை உருட்டிக்கொண்டு படமெடுக்க வருவதும் தாங்க முடியாமல் போய், 2024 நவம்பர் முதல் நெரிசல் மிகுந்த தெருவில் காலை 10 முதல் மாலை 5 வரை மட்டுமே பார்வையாளர்கள் வரலாம் என்று நிர்வாகம் வரையறுத்தது. 2025 மார்ச் முதல் மீறினால் 1,00,000 வோன் அபராதம் என்றும் ஆனது. கியோட்டோவின் கியோன் பகுதியில் தனியார் சந்துகளுக்குள் நுழையத் தடை, அபராதம் 10,000 யென். பாரிஸின் ரூ கிரெமியூ வண்ண வீடுகளுக்குப் பேர்போன சின்னஞ்சிறு தெரு. அங்கே குடியிருப்பவர்கள் மாலையிலும் வார இறுதியிலும் தெருவுக்குக் கதவு போட்டுத் தாருங்கள் என்று 2019இல் நகராட்சியிடம் கேட்டார்கள். தன் தெருவுக்கே பூட்டுக் கேட்கிற நிலைக்கு ஒருவர் வருவதற்கு முன் எவ்வளவு பொறுத்திருப்பார் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

இன்னொன்று இதைவிடப் பெரியது. 'உள்ளூர்க்காரர் போலத் தங்குங்கள்' என்று சொல்லிக் குடியிருப்பு வீடுகளை நாள் வாடகைக்கு விடுகிறார்கள். அப்படித் தங்குகிறவர் படுக்கும் கட்டில் நேற்றுவரை ஓர் உள்ளூர்க் குடும்பம் வாழ்ந்த வீட்டில் கிடக்கிறது. அந்தக் குடும்பம் எங்கே போனது? வாடகை கட்டுப்படியாகாமல் நகரத்தின் விளிம்புக்குப் போயிருக்கும். மாடிக்கு மாடி இப்படி ஆனபின் மூலைக்கடையில் சாவி கொடுத்து வைக்க யார் இருப்பார்கள்? வாசலில் மாட்டிய பூட்டுப் பெட்டியில் ரகசிய எண்ணை அழுத்திச் சாவியை எடுத்துக்கொள்கிற விருந்தாளிகள்தான் இருப்பார்கள். பார்சிலோனா மேயர் 2024 ஜூனில் தம் நகரத்தின் 10,101 சுற்றுலா வீட்டு உரிமங்களை 2028 நவம்பருக்குப் பிறகு புதுப்பிப்பதில்லை என்று அறிவித்தார். அது எவ்வளவு பலன் தரும் என்பது போகப்போகத்தான் தெரியும். ஆனால் உரிமம் இல்லாத வீடுகளை உங்கள் தளங்களில் விளம்பரப்படுத்தாமல் இருக்க நீங்கள் 2028 வரை காத்திருக்க வேண்டியதில்லை.

உங்கள் துறையிலேயே இதை யோசித்தவர்கள் இருக்கிறார்கள். கோபன்ஹேகனின் சுற்றுலா அமைப்பு 2017இல் வெளியிட்ட திட்டத்தில், வருகிறவர்களைத் தற்காலிகக் குடியிருப்பாளர்களாக நடத்துவோம், குடியிருப்பவர்களின் நலனையும் சேர்த்தே கணக்கில் எடுப்போம் என்று எழுதியது. ஆம்ஸ்டர்டாம் 2018 டிசம்பரில், அருங்காட்சியகத்தின் முன் எல்லோரும் ஏறி நின்று படமெடுத்துக்கொண்டிருந்த தன் பெயர் தாங்கிய பெரிய எழுத்துகளையே அகற்றியது. அவை நகரத்தைப் படத்துக்கான பின்னணியாகச் சுருக்குகின்றன என்ற குரல் நகர மன்றத்துக்குள்ளிருந்தே எழுந்தது. விளம்பரத்துக்காகத் தானே வைத்ததைத் தானே எடுக்கத் துணிச்சல் வேண்டும். அதை நான் மிகவும் மதிக்கிறேன்.

ஆகவே என் வேண்டுகோள் இது. ஒரு பேட்டைக்குக் கையேடு போடும்போது இடங்களின் எண்ணிக்கையைக் குறையுங்கள். அங்கே ஒரு வாரம் எப்படிப் போகிறது என்று எழுதுங்கள். எந்தக் கிழமை சந்தை, எந்த நேரம் பள்ளி விடும், எப்போது கடைக்காரருக்குப் பேச நேரம் இருக்கும், எத்தனை மணிக்கு மேல் குரலைத் தாழ்த்த வேண்டும். பொதுக் கழிப்பறை, குடிநீர்க் குழாய், உட்கார பெஞ்சு, நூலகம் இவற்றை வரைபடத்தில் பெரிதாகக் காட்டுங்கள். பெஞ்சு இருந்தால்தான் ஒருவர் அரைமணி நேரம் சும்மா உட்கார்ந்து தெருவைப் பார்ப்பார். இல்லையென்றால் அடுத்த இடத்துக்கு ஓடுவார். பெஞ்சே இல்லாத தெருவென்றால் நகராட்சியிடம் கேட்டுப் போடச் சொல்லுங்கள், அது அங்குள்ள முதியவர்களுக்கும் ஆகும். செருப்புத் தைப்பவர், தையற்காரர், முடிதிருத்துபவர் பெயர்களை அவர்கள் சம்மதத்தோடு சேருங்கள். அறுந்த வாரைத் தைத்து வாங்கக் காத்திருக்கும் கால்மணி நேரத்தில் கிடைக்கிற பேச்சு எந்த வழிகாட்டியிடமும் கிடைக்காது. வீட்டு வாசல்களையும் தனியார் சந்துகளையும் 'யாரும் அறியாத இடம்' என்று போடுவதை அறவே விட்டுவிடுங்கள். அங்கே வசிப்பவர்கள் அதை நன்றாகவே அறிவார்கள்.

ஒலிபெருக்கியோடு ஐம்பது பேரை இழுத்துப் போகும் குழுக்களுக்கு ஓர் உச்சவரம்பு வேண்டும். அதற்கு மாற்றும் இருக்கிறது. ஜேக்கப்ஸ் 2006இல் மறைந்தார். மறு ஆண்டே அவர் நினைவாக டொராண்டோவில் தொடங்கிய 'ஜேன்ஸ் வாக்' என்னும் நடை இப்போது பல நாடுகளின் நகரங்களில் மே மாதத் தொடக்கத்தில் நடக்கிறது. கட்டணம் கிடையாது. நடத்துகிறவர் தொழில்முறை வழிகாட்டியாக இருக்க வேண்டியதில்லை, அந்தத் தெருவில் குடியிருந்தால் போதும். தன் பேட்டையில் எதைக் காட்டுவது, எதைக் காட்டாமல் விடுவது என்று அவரே முடிவு செய்வார். இதை ஆண்டுக்கொரு முறை என்றில்லாமல் மாதந்தோறும் நடத்த நீங்கள் உதவலாம். செலவு மிகக் குறைவு.

அடுத்த பதிப்பு அச்சுக்குப் போகும் முன் அதன் வரைவை அந்தந்தத் தெருக்காரர்களின் கையில் கொடுங்கள். கடைக்காரர், பள்ளிக் காவலாளி, மூன்றாம் மாடியில் தனியாக இருக்கும் பெரியவர், புதிதாகக் குடிவந்த மாணவர் என்று நாலைந்து பேர் போதும். எதைச் சேர்க்கலாம் என்று கேட்பதற்கு முன்னால் எதை எடுத்துவிடலாம் என்று கேளுங்கள். அவர்கள் கோடு போட்டு அடித்துக் கொடுத்த வரிகளை நீக்கிவிட்டு அச்சிடுங்கள். அந்தக் கையேட்டை வாங்க முதல் ஆளாக வரிசையில் நிற்பேன்.

அன்புடன்,
உங்கள் கையேடுகளின் நெடுநாள் வாசகன்