நாலு பேருக்குப் போட்ட படகு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

நீ ஏற்பாடு செய்த ஆலப்புழைப் பயணம் நல்லபடியாக முடிந்து முந்தாநாள் தென்காசி வந்து சேர்ந்தோம். போனில் "எல்லாம் நல்லா இருந்துச்சு" என்பதோடு முடித்துவிட்டேன். அம்மா பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். உனக்கும் ஏதோ மீட்டிங். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். போனிலேயே தமிழ் டைப் அடிக்கப் பழகிவிட்டேன், பிழை இருந்தால் கண்டுகொள்ளாதே.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், பிறகு மறந்துவிடும். இருட்டின பிறகு தனியாக சைக்கிளில் வராதே. விளக்கு இல்லாமல் ஓட்டினால் அங்கே அபராதம் என்று நீதான் சொன்னாய். விளக்கில் பேட்டரி இருக்கிறதா என்று காலையிலேயே பார்த்துவிடு. முன்னெல்லாம் ஸ்டேஷனுக்கு மாப்பிள்ளை வந்துவிடுவார் என்பதால் நான் இதைப் பெரிதாக நினைத்ததில்லை.

சரி, பயணத்துக்கு வருகிறேன். பாலருவி ரயிலில் போனோம். அது தென்காசிக்கு வருவதே நடுராத்திரிக்கு மேல். ஆரியங்காவும் பதிமூன்று கண் பாலமும் இருட்டிலேயே போய்விட்டன. கோட்டயத்தில் இறங்கி அரசாங்கப் படகில் ஏறினோம். ஆலப்புழைக்கு இரண்டரை மணி நேரம், டிக்கெட் ஐம்பது ரூபாய்கூட இல்லை. நீ கார் போட்டுத் தருகிறேன் என்றாய், நான்தான் வேண்டாம் என்றேன். கார் விலையைப் பார்த்துச் சொன்னதில்லை, இந்தப் படகில் போகவேண்டும் என்பது என் ரொம்ப நாள் ஆசை. முதலில் ஓடை மாதிரி குறுகலான கால்வாய். குறுக்கே சின்னச் சின்ன நடைபாலங்கள். படகு வரும்போது ஒரு ஆள் கயிற்றைப் பிடித்து இழுத்துப் பாலத்தைத் தூக்குகிறார், போனதும் இறக்கிவிடுகிறார். ஒவ்வொரு துறையிலும் ஆட்கள் கடைச் சாமான்களோடு இறங்குகிறார்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஏறுகிறார்கள். அவர்களுக்கு அதுதான் டவுன் பஸ். அதன் பிறகு வேம்பநாட்டுக் காயல் திறந்துகொள்கிறது. அம்மா "இது கடல் இல்லையா" என்று இரண்டு தடவை கேட்டாள்.

குட்டநாட்டில் வயல் தண்ணீருக்குக் கீழே இருக்கிறது, பாப்பா. புத்தகத்தில் படித்ததுதான், பார்த்தபோது நம்ப முடியவில்லை. படகில் உட்கார்ந்தபடி கரைக்கு அந்தப் பக்கம் குனிந்து பார்த்தால் கீழே பச்சைப்பசேலென்று நெல். கடல் மட்டத்துக்கு இரண்டு மீட்டர் தாழ்வாகக்கூட சில வயல்கள் உண்டு. சுற்றிலும் வரப்பு மாதிரி கரை கட்டி, உள்ளே ஊறுகிற தண்ணீரை இறைத்து வெளியே தள்ளிக்கொண்டே இருக்கவேண்டும். முன்பு காலால் மிதிக்கிற சக்கரம், பிறகு 'பெட்டியும் பறையும்' என்று மரத்தாலேயே ஒரு பம்ப் வைத்தார்கள். 2013ல் ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு இதை உலக வேளாண் மரபு என்று ஏற்றுக்கொண்டது. நீ இருக்கிற நெதர்லாந்தில் செய்வதையேதான் இவர்கள் சேற்றையும் தென்னங்கட்டையையும் வைத்துச் செய்திருக்கிறார்கள். 2018 வெள்ளத்தில் இது முழுக்க முங்கிப்போனது உனக்கு நினைவிருக்கும். நீயும் மாப்பிள்ளையும் அங்கிருந்து பணம் திரட்டி அனுப்பினீர்களே.

ஆலப்புழையில் உன் படகு காத்திருந்தது. நல்ல படகு. ஆஞ்சிலிப் பலகைகளை ஆணியே அடிக்காமல் கயிற்றால் தைத்துக் கட்டியது. ஒரு காலத்தில் கொச்சிக்கு நெல் ஏற்றிப்போன கெட்டுவள்ளம்தான் இப்போது பங்களாவாகிவிட்டது. நான் அடிப்பலகையைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது படகுக்காரர் (ஸ்ராங்க் என்கிறார்கள்) என்னிடம் வந்து, "சார், மற்ற ரெண்டு பேர் பின்னால் வருகிறார்களா?" என்று கேட்டார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் போனில் காட்டினார். இரண்டு படுக்கையறை, நாலு பேர். உன் பெயர், மாப்பிள்ளை பெயர், எங்கள் பெயர். புரட்டாசியில் போட்ட புக்கிங். அப்போதுதான் தைக்கு நாலு பேருமாகப் போகலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தாய். பிறகு மாப்பிள்ளைக்கு லீவு இல்லை என்றாய். அதற்கப்புறம் அந்தப் பேச்சே இல்லை. நீங்கள் மட்டும் போய்வாருங்கள், கல்யாண நாள் பரிசு என்றாய். நாங்களும் ஒரு அறைதான் என்று நினைத்துக்கொண்டு போய்விட்டோம்.

மாற்ற மறந்திருப்பாய். வேலை நெருக்கடியில் மறப்பது சகஜம்தான். ஆனால் நீ மறக்கிற பிள்ளை இல்லையே. பத்தாம் வகுப்பிலேயே என் மின் கட்டணத் தேதியை எனக்கு ஞாபகப்படுத்தியவள் நீ.

"வரவில்லை, வேலை" என்று சொல்லிவிட்டேன். அந்த அறையிலும் விரிப்பு விரித்து, துண்டு இரண்டு மடித்து வைத்திருந்தார்கள். மதியச் சாப்பாட்டுக்கு நாலு கரிமீன் வாங்கியிருந்தார்கள், வாழையிலையில் பொதிந்து சுட்டது. சமையல்காரப் பையன் நாலையும் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டான். அம்மா ஒன்றைத் தின்றாள், நான் ஒன்று. மீதி இரண்டையும் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தோம். பிறகு அம்மா அந்தப் பையனைக் கூப்பிட்டு உட்காரவைத்து அவனையும் ஸ்ராங்கையும் சாப்பிடச் சொன்னாள். அவர்கள் கூச்சப்பட்டார்கள். அவள் விடவில்லை. அவர்களிடம் உன்னைப் பற்றித்தான் பேச்சு. என் மகள் நெதர்லாந்தில் வேலை பார்க்கிறாள், இந்தப் படகு அவள் சம்பளத்தில் போட்டது என்று இரண்டு மூன்று தடவை சொல்லிவிட்டாள். நானும் சொன்னேன், மறைப்பானேன். நம் குடும்பத்தில் ஒரு பெண் சம்பாதித்து அப்பன் ஆத்தாளைப் படகில் அனுப்பினது இதுதான் முதல் தடவை.

நேரத்துக்குச் சாப்பிடு. ராத்திரி ரொட்டியை மட்டும் தின்றுவிட்டுப் படுக்காதே. வீடியோவில் முகம் வாடித் தெரிகிறது. விளக்கு வெளிச்சம் அப்படி என்கிறாய், போன வருஷமும் அதே விளக்குதான்.

மதியத்துக்கு மேல் அந்த ஸ்ராங்கோடு எனக்கு நல்ல பேச்சு. அச்சன்கோவில் ஆறு இந்தக் காயலில் வந்து சேர்கிறது இல்லையா, பம்பை, மணிமலை, மீனச்சில் ஆறுகளோடு. நம் மலைக்கு அந்தப் பக்கம் பெய்கிற மழை. அந்தத் தண்ணீரில் ஒரு பங்கை வைப்பாற்றுக்குத் திருப்பினால் சங்கரன்கோவில், சாத்தூர் பக்கமெல்லாம் பிழைக்கும் என்று நான் வேலையில் இருந்த காலம் முழுக்கப் பேசியிருக்கிறேன், உனக்கே காது புளித்திருக்கும். அவரிடமும் ஆரம்பித்தேன். அவர் கோபப்படவில்லை. மேலேயிருந்து வருகிற நல்ல தண்ணீர் குறைந்தால் கோடையில் உப்பு ஏறி வயலுக்குள் வந்துவிடும், அந்த நெல்லை யார் தின்பது என்று கேட்டார். என் கட்சியை நான் விட்டுக்கொடுக்கவில்லை. ஆனாலும் அவர் சொல்லி முடிக்கும்வரை கேட்டேன். "வந்த இடத்திலும் நதிநீர்ப் பிரச்சினையா" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

சாயங்காலம் ஐந்தரைக்கெல்லாம் கரையில் கட்டிவிட்டார்கள். அதற்கு மேல் மீனவர்கள் வலை போடும் நேரம், வீட்டுப்படகு ஓட்டக்கூடாது. ராத்திரி அம்மா தூங்கவில்லை. எனக்கும் கொசு. அவள் எழுந்துபோய் அந்த இன்னொரு அறையில் எரிந்துகொண்டிருந்த விளக்கை அணைத்துவிட்டு வந்து, "நீங்க கேளுங்க, என்னால முடியாது" என்றாள். என்னத்தைக் கேட்பது என்றேன். அவள் பதில் சொல்லவில்லை.

திரும்பும்போது படகு வேண்டாம், முகம்மா வழியாக பஸ்ஸில் போகலாம் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். தண்ணீர்முக்கம் தடுப்பணையைப் பார்க்கத்தான். வழியில் இறங்கிப் பார்க்கவேண்டும் என்றதும் அம்மாவுக்குக் கோபம், கால் வலி வேறு. கடல் உப்பு குட்டநாட்டுக்குள் வராமலிருக்க 1970களில் காயலுக்குக் குறுக்கே கட்டியது. மார்கழியில் ஷட்டரை இறக்கிவிட்டு, கோடையில் ஏற்றுவார்கள். நாங்கள் போனபோது இறக்கித்தான் இருந்தது. நெல் பிழைத்தது, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் தண்ணீர் போவதும் வருவதும் நின்றதும் உள்ளே இருப்பது தேங்கிப்போகிறது. உப்புப் பட்டால் சாகவேண்டிய ஆகாயத்தாமரை காடாக மண்டுகிறது. இனப்பெருக்கத்துக்கு உப்புத் தண்ணீர் தேவைப்படுகிற ஆற்று இறால் வழி அடைபட்டு நிற்கிறது. விவசாயி மூடு என்கிறான், மீனவன் திற என்கிறான். இரண்டு பேர் சொல்வதும் நியாயம்தான். வருஷா வருஷம் இதே சண்டை.

அங்கே நின்றபோது எனக்கு மாப்பிள்ளை நினைவுதான். நாங்கள் வந்திருந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க எனக்காகச் செலவழித்து ஓஸ்டர்ஸ்கெல்டே அணையைக் காட்டக் கூட்டிப்போனாரே. 1953 வெள்ளத்தில் 1,800 பேருக்கு மேல் செத்த பிறகு அந்தக் கழிமுகத்தை ஒரேயடியாக அடைத்துவிடத்தான் முதலில் திட்டம். மீனவர்களும் மற்றவர்களும் எதிர்த்ததால் பாதியில் யோசனையை மாற்றி, 62 இரும்புக் கதவுகள் வைத்துக் கட்டினார்கள். 1986ல் திறந்தது. சாதாரண நாளில் எல்லாக் கதவும் திறந்தே இருக்கும், புயல் வந்தால்தான் மூடுவார்கள். மாப்பிள்ளைக்கு கம்ப்யூட்டர் வேலை, இதில் அவருக்கு என்ன அக்கறை? இருந்தாலும் எனக்காக முந்தின ராத்திரி படித்துவிட்டு வந்து ஒவ்வொன்றாகச் சொன்னார். காற்றில் என் தொப்பி பறந்தபோது அவர்தான் ஓடிப்போய் எடுத்துவந்தார். அம்மா இன்னமும் அதைச் சொல்லிச் சிரிப்பாள். இப்போது கொஞ்ச நாளாகச் சொல்வதில்லை.

பொங்கலுக்கு அவருக்கு வாட்ஸ்அப்பில் வாழ்த்து அனுப்பினேன். நீலக் குறி விழுந்தது. பதில் வரவில்லை. வேலையாக இருந்திருப்பார். நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

இன்னொன்று. ஊறுகாய் பார்சலுக்கு நீ புது முகவரி அனுப்பினாய். வீடு மாறினதையே அதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டோம். இது எனக்கு வருத்தம், மறைக்கவில்லை. அதில் உன் பெயர் மட்டும்தான் இருந்தது. உன் சித்தி கேட்டாள், அபார்ட்மெண்டில் ஒருத்தர் பெயர்தான் எழுதுவார்கள் என்று நானே ஒரு விளக்கம் சொல்லிவைத்தேன். நீயாகப் பார்த்துக்கொண்ட மாப்பிள்ளை என்று அன்றைக்குப் பேசியவர்கள் எல்லாரும் இன்றைக்கும் ஊரில்தான் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பதில் சொல்ல எனக்குத் தெரியும், அதை நீ யோசிக்கவேண்டாம். எதை யோசித்தாலும் அதை யோசிக்கவேண்டாம்.

குளிர் எப்படி இருக்கிறது? காதை மூடிக்கொள். சைக்கிள் விஷயம் மேலேயே எழுதிவிட்டேன், மறக்காதே. அம்மாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. மாடி மாமரம் பூத்திருக்கிறது. மேலத்தெரு அத்தை பேத்திக்குச் சடங்கு, உன் சார்பில் 1,000 ரூபாய் மொய் எழுதினேன். 'மகள், மாப்பிள்ளை' என்றுதான் எழுதினேன், கை அப்படியே பழகிவிட்டது.

பாஸ்போர்ட் எங்கள் இரண்டு பேருடையதும் 2031 வரை செல்லும். ஷெங்கன் விசாவுக்கு இப்போதே போட்டால் சித்திரை கடைசிக்குள் வந்துவிடலாம், 90 நாள் இருக்கலாம். மகள் வீட்டில் போய் அவ்வளவு நாளா என்று அம்மா பேச்சுக்குச் சொல்கிறாள். ஆனால் பெட்டியை நேற்றே பரணிலிருந்து இறக்கச் சொல்லிவிட்டாள். போன தடவை அங்கே நகராட்சியில் கொடுக்கிற அழைப்புப் படிவத்தில் உன் கையெழுத்தோடு மாப்பிள்ளை கையெழுத்தும் இருந்தது. இந்தத் தடவை படிவத்தில் யார் பெயர் வரும், தங்கும் இடமாக எந்த முகவரியைக் காட்டவேண்டும் என்று மட்டும் எழுது. விவரமாக எழுதவேண்டியதில்லை. ஒரு வரி போதும், ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்பினால் திங்கட்கிழமை காலையில் அப்பாயிண்ட்மெண்ட் போட்டுவிடுவேன்.

அன்புடன்,
அப்பா