போல்ட்டை அறுப்பதற்கு முன்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு வணக்கம்.

உச்சிப்புளியில் இரும்பு வேலைப் பட்டறை நடத்துகிறேன். மண்டபத்திலிருந்து தேவிபட்டினம் வரை பள்ளிக்கூடம், அங்கன்வாடி, மீன் ஏலக்கூடம் என்று தகர ஷெட் போடுவதுதான் பிழைப்பு. இப்போது பள்ளிகளில் வெயிலுக்குக் கூரை போடுவது கூடியிருக்கிறது. நல்லதுதான். ஆனால் எல்லாரும் அண்ணாந்து கூரையைப் பார்க்கிறார்களே தவிர, தூண் தரையில் உட்காரும் இடத்தைக் குனிந்து பார்ப்பவர் குறைவு.

அங்கே ஓரடிச் சதுரத்துக்கு ஒரு பேஸ் பிளேட், அதாவது தூணைத் தாங்கும் அடித்தகடு, நாலு மூலையிலும் போல்ட், நட்டுக்கு மேலே போல்ட்டின் திருகுமுனை, அதாவது மரை, இரண்டு மூன்று இஞ்ச் நீட்டிக்கொண்டிருக்கும். கான்கிரீட் மட்டம் முன்னே பின்னே இருக்கும் என்பதால் போல்ட்டை நீளமாகத்தான் புதைப்போம். ஷெட் ஏறியதும் அதை அப்படியே விட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். ஓடிப் பிடித்து விளையாடும் பிள்ளை நிற்கும்போது அந்த மரை முழங்காலுக்குக் கீழே இருக்கும், விழுந்தால் நெற்றிக்கு நேரே.

அண்மையில் ஒரு பள்ளியில் இரண்டாம் வகுப்புப் பையன் அப்படி விழுந்து புருவத்தில் தையல் போட்டிருக்கிறார்கள். மறுநாளே எனக்குப் போன். “அண்ணே, போல்ட்டையெல்லாம் அடியோட அறுத்துட்டு, மேலே சிமெண்டைப் பூசி மூடிடுங்க.” பதறிப்போய்க் கேட்கிறார்கள், அதில் குற்றமில்லை. ஆனால் இரண்டுமே செய்யக் கூடாத வேலை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

தகர ஷெட் தன் பாரம் தாங்காமல் விழுவது அபூர்வம். காற்றில்தான் எழும்பிப் போகும். சுற்றுச்சுவர் இல்லாத 20 அடிக்கு 30 அடிக் கூரையை எடுத்துக்கொள்ளுங்கள். இரும்பும் தகடும் சேர்ந்து ஏறக்குறைய ஒரு டன் வரும். மணிக்கு 144 கி.மீ. வேகக் காற்று சதுர மீட்டருக்கு 100 கிலோவுக்குச் சற்றுக் குறைவாக அழுத்தும். கீழிருந்து தள்ளுவதும் மேலிருந்து இழுப்பதும் சேர்ந்தால் கூரையைத் தூக்கும் விசை ஐந்து டன்னைத் தொட்டுவிடும். மிச்ச நாலு டன்னையும் தரையோடு பிடித்து வைப்பது இந்த நட்டுகள்தான். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியைப் பறிகொடுத்த கரையில் இருந்துகொண்டு இதை மறக்கலாமா?

அதனால் நட்டோடு ஒட்ட அறுக்கக் கூடாது. மரை இரண்டு மூன்று சுற்றாவது நட்டுக்கு வெளியே தெரிய வேண்டும். கேஸ் கட்டரையும் வைக்கக் கூடாது, சூட்டில் துருவைத் தடுக்கும் துத்தநாகப் பூச்சு போய்விடும். கிரைண்டரால் அறுத்து, பிசிறை அரத்தால் ராவி, வெட்டுவாயில் துத்தநாக பெயின்ட் அடித்து, உள்ளே கிரீஸ் வைத்து டோம் நட், அதாவது தலை மூடிய உருண்டை நட், போட்டால் போதும். அதோடு பிளேட்டின் நாலு கூர்மூலைகளையும் ஓர் இஞ்ச் சாய்த்து வெட்டி மழுக்கிவிட வேண்டும்.

சிமெண்ட் பூசுவது இன்னும் மோசம். பூச்சு காய்ந்ததும் தூணை ஒட்டி மயிரிழை வெடிப்பு விடும். நம் ஊர்க் காற்றில் உப்பு இருக்கிறது, மழைத் தண்ணீரோடு அது உள்ளே இறங்கிவிடும். கடலோரத்தில் ஒரு ஷெட்டில் அப்படிப் பூசிய உருண்டையை உளி வைத்து உடைத்தேன். வெளியே வெள்ளையடித்து அழகாக இருந்தது, உள்ளே நட்டு அப்பளமாக நொறுங்கிக் கையோடு வந்தது. வாஷர் இருந்த இடத்தில் செந்தூள் மட்டும். மூடாமல் விட்டிருந்தால் யார் கண்ணிலாவது பட்டிருக்கும். சிலர் தூணைச் சுற்றி ரெக்சினும் பஞ்சும் கட்டுகிறார்கள். அந்தப் பஞ்சு ஈரத்தையும் உப்பையும் பிடித்துவைத்துக்கொண்டு அதே வேலையைச் செய்யும்.

புதிதாகப் போடுவதென்றால் வரைபடத்திலேயே முடித்துவிடலாம். மெல்லிய பிளேட்டுக்கு முட்டுக் கொடுக்க முக்கோணத் தகடு வைத்து வெல்டிங் செய்கிறோமே, அந்த ஒவ்வொன்றும் பிள்ளையின் கெண்டைக்காலுக்கு ஒரு கத்தி. பிளேட்டைத் தடிமனாகக் கணக்குப் போட்டு எடுத்தால் அந்தத் தகடே வேண்டாம். தூணுக்கு அடியில் ஒன்றரை அடி உயரத்துக்கு உருண்டையான கான்கிரீட் பீடம் கட்டலாம். தடுக்கி விழாத அளவுக்குக் கண்ணில் படும், தரைத் தண்ணீரும் பிளேட்டைத் தொடாது. பிளேட் பீடத்தின் விளிம்புக்கு மூன்று இஞ்ச் உள்ளடங்கி இருக்கட்டும். அடியில் உள்ள இடைவெளியைச் சுருங்காத கிரவுட் என்ற சிமெண்ட் கலவையால் நிரப்ப வேண்டும். மேலே இரண்டாகப் பிரியும் ஃபைபர் மூடி போட்டு, தண்ணீர் வெளியேற அடியில் சந்து விட வேண்டும். வருடா வருடம் வாடைக்காற்று தொடங்குமுன் மூடியைக் கழற்றி நட்டைப் பார்த்துவிட்டு மாட்டலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, தூணைப் பிள்ளைகள் வகுப்பிலிருந்து ஓடிவரும் வழியில் நிறுத்தாமல் இருந்தாலே பாதித் தொல்லை போய்விடும்.

செலவு அதிகமாகுமே என்பார்கள். ஆகும்தான், ஆனால் முழு ஷெட்டின் விலைக்கு முன் அது சில்லறை. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் பாலத்துக்குத் துருப்பிடிக்காத கம்பியும் துருவைத் தடுக்கும் பாலிசிலாக்சேன் பூச்சும் போட்டது இதே உப்புக்காற்றை நினைத்துத்தானே. பள்ளிக்கூடத்துக்கு அவ்வளவு வேண்டாம், கால்வனைஸ் செய்த, அதாவது துத்தநாகம் பூசிய, போல்ட் போதும். எங்களுக்கு வரும் மதிப்பீட்டில் இரும்புக்குக் கிலோ கணக்கில் ரேட் இருக்கிறது, தூணடியை முடித்துக் கொடுக்க ஒரு வரிகூட எழுதியிருப்பதில்லை. மதிப்பீட்டில் எழுதாத வேலையை எந்த ஒப்பந்தக்காரர் செய்வார்? மதிப்பீடு போடும் பொறியாளர்கள் அந்த வரியைச் சேர்க்க வேண்டும். பள்ளி மேலாண்மைக் குழுப் பெற்றோரும் கடைசி பில் போகுமுன் ஒவ்வொரு தூணடியிலும் ஒருமுறை கையால் தடவிப் பார்த்துவிடுங்கள். ஏற்கெனவே சிமெண்ட் பூசி மூடிய தூண்கள் இருந்தால், ஐப்பசி மழைக்கு முன் ஒன்றையாவது உடைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
இரும்புப் பட்டறைக்காரர்,
உச்சிப்புளி, ராமநாதபுரம் மாவட்டம்